அளந்து வெட்டிய குளம்

1987 அக்டோபர் 15, வியாழன்.

இன்றைய தவறு: வரைபடத்தைப் படியெடுத்த மெல்லிய தாளை ஜன்னல் கண்ணாடியில் புறம் மாற்றி ஒட்டிவிட்டேன். கோடுகளை மட்டும் படியெடுத்து எழுத்துகளை விட்டதால் வந்த வினை. ஐம்பது நிமிடம் இடதை வலதென்று நினைத்து அளந்து குறித்திருக்கிறேன். வாசல் வரவேண்டிய பக்கம் சுவர் வந்தபோதுதான் உறைத்தது. தவறான அளவுகளின் மேல் கோடு போட்டுவிட்டு, புதிதாக அளந்தேன். தாளின் மூலையில் சிவப்பு மையால் 'இந்தப் பக்கம் மேலே' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறேன். இனி இப்படி நடக்காது. ('இனி நடக்காது' என்று இதற்கு முன் நான்கு முறை எழுதியிருக்கிறேன். நான்கும் நடந்தன.)

எழுதி முடித்து மை காயும்வரை ஊதினாள் டோரீன் கோவாச். மாவட்டக் கல்லூரி மாலை வகுப்பில் புலனாய்வுப் பாடம் நடத்தும் டெலானியின் முதல் விதி, குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளும் அன்றைய தவறோடு தொடங்க வேண்டும் என்பது. இரண்டாவது விதி, தப்பாக எழுதிய பக்கத்தைக் கிழிக்கக்கூடாது, கோடு போட்டு அடித்தால் போதும் என்பது. மற்ற மாணவர்கள் தவறு கிடைக்காமல் திண்டாடினார்கள். டோரீனின் திண்டாட்டம் எதை விடுவது என்பதில்.

பகலில் அவள் பென்சில்வேனியாவின் வில்கட் ஊரில் இருந்த ஒரே வழக்கறிஞரிடம் தட்டச்சு வேலை பார்த்தாள். வயது இருபத்து நான்கு. துப்பறிவாளர் என்று சொல்லிக்கொள்ள இதுவரை இரண்டு வழக்குகள். இரண்டிலும் காணாமல் போனது பூனை. இரண்டாவது பூனை இவள் தேடத் தொடங்குமுன் தானாகவே வீடு திரும்பிவிட்டது. மனிதர்கள் சம்பந்தப்பட்ட முதல் வழக்கு இதுதான்.

நிஜ ரயிலைச் சின்னதாக்கி ஓட்டும் பொழுதுபோக்குக்காரர்களின் வில்கட் மாதிரி ரயில் மன்றம். அதன் தலைவர் லீலண்ட் பர்க்ஹார்ட், ஒரு மாதிரி ரயில்பாதைக்கு வரைபடம் போட்டிருந்தார். பழைய ரயில் நிலையத்தில் திறக்கப்போகும் அருங்காட்சியகத்தில் அதன்படிதான் பாதை அமையும். பக்கத்தில் பித்தளைப் பலகையில் அவர் பெயர் இருக்கும். செப்டம்பர் கூட்டத்தில் அந்தப் படத்தை ஸ்லைடாக எடுத்துத் திரையில் காட்டியபோது, மன்றத்தின் ஒரே பெண் உறுப்பினர் எழுந்து நின்றார். பள்ளிக்கூடச் சமையல்காரர், வில்மா ட்ராக்ஸ்லர், வயது அறுபத்தொன்று.

"இது என்னோடது" என்றார்.

வில்மா வரைந்தது சின்ன அளவு. நிஜ ரயிலில் நூற்றறுபதில் ஒரு பங்கு. பர்க்ஹார்ட் காட்டியது பெரிய அளவு. எண்பத்தேழில் ஒரு பங்கு. சின்னதைப் பெரிதாக்க வேண்டுமானால் எல்லா அளவையும் ஒன்று புள்ளி எட்டு நான்கால் பெருக்க வேண்டும். அப்படிப் பெருக்கிவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டார் என்பது வில்மாவின் குற்றச்சாட்டு. ஆதாரம் கேட்டார்கள். தன் வீட்டு நிலவறைக்கென்று இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து வரைந்த அந்த ஒரே தாளை, அளவு மாற்றப் பழகும் ஒரு பயிற்சி மாலைக்காக மன்றத்திடம் கொடுத்திருந்தார் வில்மா. தாள் திரும்பி வரவேயில்லை. பாதையைக் கட்டவும் இல்லை; குழாய் வெடித்து நிலவறையில் தண்ணீர் புகுந்துவிட்டது. ஆக, ஒரு பக்கம் சட்டம் போட்டு மாட்டிய படம்; இன்னொரு பக்கம் வெறும் வாய்ச்சொல்.

சனிக்கிழமை நண்பகலுக்குள் வில்மா மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் மன்றத்திலிருந்து நீக்கம். அதனால்தான் இந்தச் செவ்வாய்க்கிழமை டோரீனைத் தேடி வந்தார்.

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில், பழைய தீயணைப்பு நிலையத்தின் மாடியில் இருந்த மன்றக் கூடத்துக்குப் படியேறினாள் டோரீன். பின்னாலேயே கஸ் பெட்ரில்லோ. அவளுடைய பெரியம்மா மகன். ஏழு வருடம் சரக்கு ரயிலில் பிரேக்மேனாக இருந்து, வசந்த காலத்தில் ஆட்குறைப்பில் வேலையிழந்தவன். இப்போது வீடு வீடாக பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிறான். உதவியாளன் பதவியை அவனாகவே எடுத்துக்கொண்டான். கார் அவனிடம் இருந்ததால் டோரீனும் மறுக்கவில்லை.

"கேள்வியெல்லாம் எழுதி வெச்சிருக்கியா?" என்றான் கஸ்.

"மூணு. நம்பர் போட்டு."

"பதிலையும் நீயே எழுதிட்டா நான் வண்டியிலயே தூங்குவேன்."

பர்க்ஹார்ட் அவர்களை வாசலிலேயே வரவேற்றார். முப்பது வருடம் வங்கி மேலாளராக இருந்த மனிதர். கழுத்துப்பட்டியில் குட்டி எஞ்சின் வடிவில் ஊசி குத்தியிருந்தார்.

"மிஸ் கோவாச்! புதன்கிழமைதானே வந்து படியெடுத்துட்டுப் போனீங்க. ஏதாவது கோடு விட்டுப்போச்சா?"

"எழுத்து விட்டுப்போச்சு, சார்."

சுவரில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது வரைபடம். அழகான வேலை. மலைச்சரிவு, சுரங்கம், நடுவில் சரக்குப் பெட்டிகளை நிறுத்திப் பிரிக்கும் யார்டு, அதைச் சுற்றி வளைந்து போகும் இரட்டைப் பாதை. டோரீன் குறிப்பேட்டைத் திறந்தாள். குரல் லேசாக நடுங்கியது, இருமி மறைத்தாள்.

"முதல் கேள்வி. பாதை இருக்கிற மேசைகளுக்கு நடுவுல ஆள் நடக்கிற வழி நாற்பத்தாறு அங்குலம்னு போட்டிருக்கு. உங்க உறுப்பினர்கள் வீட்ல எல்லாம் இருபத்தஞ்சு, இருபத்தாறுதானே விடுவாங்க?"

"பக்கவாட்டில நடந்தே பழகினவங்க" என்றான் கஸ். "இதுல ஒரு பசுமாட்டையே ஓட்டிட்டுப் போலாமே!"

பர்க்ஹார்ட் பொறுமையாகச் சிரித்தார். "இது அருங்காட்சியகம், தம்பி. சக்கர நாற்காலி வரும். பள்ளிக்கூடப் பசங்க வரிசையா வருவாங்க. அகலம் வேணாமா?"

நல்ல பதில். டோரீன் முதல் கேள்விக்கு எதிரே அதை எழுதிக்கொண்டாள்.

"ரெண்டாவது..." என்று அவள் தொடங்குமுன் கஸ் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான்.

"என்ன இது? அம்புக்குறியைப் பாரு டோரி. ரெட்டைப் பாதையில ரயில் இடப்பக்கமா ஓடுது. சார், நான் ஏழு வருஷம் வண்டியில தொங்கினவன். நம்ம நாட்டுல ரயில் வலப்பக்கம்தான். இந்த மலையில இடப்பக்கம் ஓட்டினா அன்னிக்கே வேலை போயிரும்."

"உனக்கு வலப்பக்கம் ஓட்டியும் போயிருச்சாமே" என்றார் பர்க்ஹார்ட்.

கஸ் வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டான். அவனை வாயடைக்க வைத்த ஒருவரை டோரீன் பார்ப்பது இதுவே முதல் முறை.

"சிகாகோ பக்கம் ஒரு ரயில்வே ரொம்ப காலமா இடப்பக்கம்தான் ஓட்டுது" என்று தொடர்ந்தார் பர்க்ஹார்ட். "அதுக்கு ஒரு மரியாதையா வெச்சேன். விவரம் தெரிஞ்சவங்க ரசிப்பாங்க."

இதுவும் நல்ல பதில். டோரீனின் பேனா மூன்றாவது கேள்விக்கு வந்தது.

"யார்டைத் தாண்டினதும் பாதை காரணமே இல்லாம வெளிப்பக்கம் வளைஞ்சு, மறுபடி நேராகுது. அந்த வளைவுக்குள்ள ஒரு வட்டம். 'குளம்'னு எழுதி, ஏழு அங்குலம் எட்டில் மூணுன்னு குறிச்சிருக்கீங்க."

"அழகுக்குத்தான், மிஸ் கோவாச். நேரா போற பாதை பார்க்கச் சலிப்பு. நடுவுல தண்ணி தெரிஞ்சா கண்ணுக்குக் குளிர்ச்சி."

"குளத்தை எட்டில் மூணு அங்குலம்வரைக்கும் அளந்தா வெட்டுவாங்க?" என்று கஸ் மூச்சை மீட்டுக்கொண்டு கேட்டான். "கூடக் குறைய இருந்தா வாத்து புகார் குடுக்குமா?"

"வங்கியில இருந்தவன் நான். எதையும் சரியா எழுதித்தான் பழக்கம்." பர்க்ஹார்ட் கதவைத் திறந்து பிடித்தார். "வில்மாவை நாளைக்குக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. பெரிய மனசு பண்ணிடலாம். காபி போடற பொறுப்பை அவங்ககிட்டயே விட்டுடறோம்."

காரில் பூண்டும் சீஸும் மணந்தன. டோரீன் குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மூணு கேள்வி, மூணு பதில்" என்றான் கஸ். "மூணுமே நல்லா இருந்துச்சு. பாவி மனுஷன், தயாரா இருந்தான்."

"அதான் எனக்கும் சங்கடமா இருக்கு. ஒருவேளை அவர் நிஜமாவே வரைஞ்சிருந்தா?"

"ஆரம்பிச்சுட்டியா? வில்மா சொல்றதை நம்பறியா இல்லையா?"

"நம்பறேன். ஆனா என்னை நம்பல." கைக்கடக்கமான கணக்குப்பொறியை எடுத்து எண்களைத் தட்டினாள். "ஏழு அங்குலம் எட்டில் மூணு. அதை ஒண்ணு புள்ளி எட்டு நாலால வகுத்தா... நாலு. கச்சிதமா நாலு அங்குலம்."

"நாலு அங்குலக் குளமா? அதுல வாத்து எங்க, ஒரு தவளைகூட..."

"தூண், கஸ்! பேஸ்மென்ட்ல உத்தரத்தைத் தாங்குமே, இரும்புத் தூண். அதைச் சுத்திக்கிட்டுப் போகத்தான் பாதை வளைஞ்சிருக்கு. படத்தைப் பெருசாக்கினப்போ தூணும் பெருசாயிருச்சு. அருங்காட்சியகத்துல தூண் இல்ல. அதனால அதுக்குக் குளம்னு பேர் வெச்சுட்டாரு."

கஸ் விசிலடித்தான். பிறகு முகம் சுளித்தான். "இந்த ஊர்ல எல்லா வீட்டு பேஸ்மென்ட்லயும் நாலு அங்குலத் தூண் நிக்குதே. எங்க வீட்லகூட. நான் தினம் இடிச்சுக்கறேன்."

"எல்லா வீட்லயும் அதே இடத்துல நிக்காது. எல்லாத்தையும் வகுத்துத் திரும்பச் சின்னதாக்கி, வில்மா வீட்டுத் தரையில கோடு போட்டுப் பார்க்கணும். வட்டம் தூண் மேல வந்து உட்கார்ந்தா அது அவங்க வரைஞ்சது."

"வரலைன்னா?"

டோரீன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இடைவேளை முடிய எட்டு நிமிடம்தான் இருந்தது.

மாலை ஐந்தரைக்கு வில்மா வீட்டுச் சமையலறையில் பியரோகிக் கொழுக்கட்டைக்கு வெண்ணெயும் வெங்காயமும் வதங்கும் வாசனை. குளிர்பெட்டிக் கதவில், ரயில் பெட்டி வடிவக் காந்தத்தின் கீழ், அந்தக் கடிதம்.

"படிச்சுப் பாரு கண்ணு" என்றார் வில்மா, கரண்டியால் அதைச் சுட்டிக்காட்டி. "'மிகுந்த மனவருத்தத்துடன்'னு என் பேர்ல அவனே எழுதியிருக்கான். எனக்கு எதுக்கு மனவருத்தம்? எனக்கு வந்திருக்கறது கோபம். இது ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள்தான் மன்றத்துல கடிதம் எழுதறான்."

"மிஸஸ் ட்ராக்ஸ்லர், நாங்க கீழ போய் அளந்து பார்க்கலாமா?"

"தாராளமா. துணி துவைக்கற மெஷினை மட்டும் உதைக்காதீங்க, அதுக்கும் என்னை மாதிரி கோபம் வரும். பியரோகி வெந்ததும் கூப்பிடறேன்."

நிலவறையில் தூண் இருந்தது. பச்சை வண்ணம் அடித்த இரும்புத் தூண். டோரீன் அளவு நாடாவால் இரண்டு முறை அளந்தாள். குறுக்களவு நான்கு அங்குலம். படியெடுத்த தாளைத் துணி துவைக்கும் மெஷினின் மேல் விரித்தாள். சிவப்பு எழுத்து மேலே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். அளவுகளை ஒவ்வொன்றாக வகுத்துச் சொல்லச் சொல்ல, கஸ் முழங்காலிட்டு சாக்கட்டியால் தரையில் கோடு இழுத்தான். அறையின் நீளம் பதின்மூன்று அடி. பர்க்ஹார்ட்டின் படத்தைச் சுருக்கினாலும் பதின்மூன்று அடி. அகலமும் சரியாக வந்தது. டோரீனின் குரலில் உற்சாகம் ஏறியது.

பிறகு வட்டம் வந்தது.

தூணிலிருந்து ஐந்தடி தள்ளி, துணிக்கூடைக்குப் பக்கத்தில், வெறும் தரையில் வந்து விழுந்தது. தூணோ சரக்கு யார்டின் நட்டநடுவில் நின்றது. ஆள் நுழைய விட்ட இடம் மாடிப்படிக்கு எதிரே வரவேண்டும். அது பீச் பழ ஜாடிகள் அடுக்கிய அலமாரியின் முன் வந்தது.

கஸ் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். "அதே மாதிரி போனா, சரக்கு வண்டி பூரா தூண்ல முட்டி நிக்கும். வில்மா ரயிலை ஓட்டறதுக்கு முன்னாடி ஜாம் ஜாடியைத் தாண்டிக் குதிக்கணும்."

"இன்னொரு தடவை அளக்கலாம்."

"மூணு தடவை அளந்தாச்சு டோரி."

டோரீன் மாடிப்படியில் உட்கார்ந்தாள். காது மடல் சூடாக இருந்தது. ஒரு நல்ல யோசனை வந்த உற்சாகத்தில் மதியம் முழுக்கத் தட்டச்சு செய்த கடிதங்களில் எத்தனை பிழை விட்டோமோ என்று வேறு நினைப்பு வந்தது. அளந்தவள் அவள்தான். அளவு பொருந்தவில்லை என்றால், வில்மா சொல்வது பொருந்தவில்லை என்றுதான் எழுத வேண்டும். அதை எப்படி எழுதுவது?

மேலே தொலைபேசி மணி அடித்தது. சமையலறைக் கதவு திறந்திருந்ததால் ஒவ்வொரு சொல்லும் படியிறங்கி வந்தது.

"சொல்லு லீலண்ட்... இல்ல, போடல... காபியா? பதினோரு வருஷம் நான் போட்ட காபியைக் குடிச்சியே, அதுல சர்க்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டிருக்கணும்."

கஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"ஆதாரமா? கையில ஒண்ணும் இல்ல. அந்தப் பொண்ணு கீழ அளந்துட்டு இருக்கு. அதுக்கும் ஒண்ணும் கிடைக்கலைன்னு அதோட மௌனத்துலயே தெரியுது. பரவாயில்ல. நாளைக்கு வெறுங்கையோட வருவேன். பதினோரு பேர் எதிர்ல நின்னு 'இது என்னோடது'ன்னு திரும்பச் சொல்வேன். நீ வெளிய அனுப்பு. கதவை மட்டும் ரெண்டு பக்கமும் நல்லாத் திறந்து வெய்யி, நான் அகலமான ஆளு."

தொலைபேசியை வைத்த சத்தம் நிலவறை வரைக்கும் அதிர்ந்தது.

டோரீன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆதாரம் இல்லாமலே ஒருவர் இவ்வளவு நேராக நிற்க முடியுமானால், ஆதாரம் தேட வந்தவள் படியில் கூனிக் குறுகி உட்காருவதில் நியாயமில்லை. குறிப்பேட்டைத் திறந்து, பர்க்ஹார்ட்டின் மூன்று பதில்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக மறுபடி எழுதினாள்.

"கஸ், அவர் சொன்னது மூணும் நல்ல பதில்தானே?"

"மறுபடி அதைச் சொல்லி ஏன் புண்ணைக் கிளறுற?"

"மூணு விநோதத்துக்கு மூணு தனித்தனிக் காரணம். வழி அகலம், சக்கர நாற்காலிக்கு. குளம், அழகுக்கு. ரயில் இடப்பக்கம், சிகாகோவுக்கு. உண்மைன்னா மூணுக்கும் சேர்த்து ஒரே காரணம் போதுமே! சின்னதைப் பெருசாக்கினா வழி அகலமாயிரும். தூணும் பெருசாகிக் குளமாயிரும். ஆனா ரயில் எப்படி இடப்பக்கம் போகும்? ஒண்ணு புள்ளி எட்டு நாலால பெருக்கினா ரயில் பக்கம் மாறாதே."

"மாறாது. கண்ணாடியில பார்த்தாத்தான் மாறும்" என்றான் கஸ் அலட்சியமாக.

இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அருங்காட்சியகத்துல வாசல் எந்தப் பக்கம்?" என்றாள் டோரீன்.

"இடது. போன வாரம் வேலைக்காரங்களுக்கு பீட்சா குடுக்கப் போனேன்."

"இங்க படி வலது."

வாசல் பக்கம் மாறினால் தாளைத் திருப்பிப் போட்டுக்கொள்வது இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். பர்க்ஹார்ட் பெருக்கினார். பெருக்குவதற்கு முன்னால், தாளைத் திருப்பினார். படத்தை யாரும் அடையாளம் கண்டுவிடாமல் இருக்கவும் அது வசதியாகப் போயிற்று. அம்புக்குறிகளும் தாளோடு சேர்ந்து திரும்பிவிட்டன. அவற்றை மாற்றினால் யார்டுக்குள் ரயில் நுழையும் கிளைப் பாதைகள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். சிகாகோவை இழுத்துக்கொள்வது சுலபம்.

டோரீன் குறிப்பேட்டின் பக்கத்தைப் பின்னால் புரட்டினாள். வியாழக்கிழமை. குறுக்குக் கோடு போட்டு அடித்த ஐம்பது நிமிடத் தவறு. ஒவ்வொரு எண்ணும் கோட்டுக்கு அடியில் தெளிவாகப் படிக்க முடிந்தது.

"சிவப்பு மையில 'இந்தப் பக்கம் மேலே'ன்னு எழுதி, ரெண்டு தடவை அடிக்கோடு போட்டேன்" என்றாள் மெல்ல. "சரியான விடையை எழுதிட்டு, அதை அடிச்சுட்டேன்."

"பிறகு அழலாம். எண்ணைச் சொல்லு."

"குளத்தோட நடு. இந்தச் சுவர்லேருந்து எண்பத்தெட்டு அங்குலம். வகுத்தா நாற்பத்தெட்டுக்குக் கொஞ்சம் குறைவு. பின்சுவர்லேருந்து அறுபத்தாறு. வகுத்தா முப்பத்தாறுக்குக் கொஞ்சம் குறைவு. அங்க நாலு அங்குலத்துக்கு வட்டம் போடு."

கஸ் நாடாவைப் பிடித்துக்கொண்டு முழங்காலாலேயே நகர்ந்தான். சாக்கட்டியைத் தரையில் வைக்கப் போனவன், வைக்காமல் நின்றான்.

"முடியாது."

"ஏன்? மறுபடி தப்பா?"

"வட்டம் போட இடமில்ல டோரி. ஏற்கெனவே இங்க ஒருத்தர் நிக்கறார்." பச்சைத் தூணை அன்போடு தட்டிக்கொடுத்தான். "வணக்கம், குளம் சார்."

அதன் பிறகு எல்லாம் தானாகவே வந்து அமர்ந்தன. பாதை தூணைச் சுற்றி ஒதுங்கிப் போனது. நுழையும் இடம் மாடிப்படியின் காலடியில் திறந்தது. அம்புக்குறிகள் வலப்பக்கம் திரும்பிக்கொண்டன. டோரீன் படியேறிப் போய் வில்மாவை அழைத்தபோது அவள் குரலில் நடுக்கம் இல்லை. இருமவும் தேவைப்படவில்லை.

வில்மா கையில் கரண்டியோடு இறங்கி வந்து, கடைசிப் படியில் நின்றார். தரையைப் பார்த்தார். பிறகு சாக்கோடுகளுக்கு நடுவே இருந்த வழியில் நடந்து போனார். இரண்டு பக்கமும் மேலங்கியின் ஓரம் கோட்டைத் தொட்டும் தொடாமலும் உரசியது.

"இருபத்தஞ்சு அங்குலம்" என்றார். "என் இடுப்பை அளந்து, ஒரு விரற்கடை கூட வெச்சேன். இதை நாற்பத்தாறாக்கினானா? எந்த யானைக்காம்?"

"மிஸஸ் ட்ராக்ஸ்லர், அவர் படத்தைத் திருப்பிப் போட்டிருக்கார். கூட்டத்துல திரையில பார்த்தப்போ உங்களுக்கு அது தெரியலையா?"

"தெரிஞ்சுதே! பார்த்தவுடனே தெரிஞ்சுது."

டோரீனின் பேனா கையிலிருந்து நழுவியது. "அப்புறம் ஏன் சொல்லல?"

"ஸ்லைடைத் திருப்பிச் சொருகிட்டானுங்கன்னு நெனச்சேன், கண்ணு. பதினோரு வருஷத்துல ஒரு கூட்டத்துலயாவது அவனுங்க ஸ்லைடை நேரா போட்டதில்ல. பாதி வருஷம் ரயில் எல்லாம் தலைகீழாத்தான் ஓடும். கடைசி வரிசையிலேருந்து எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருந்துச்சு. அன்னிக்கே என்னைக் கூடத்துக்குள்ள வரக்கூடாதுன்னுட்டாங்க, கிட்டப் போய்ப் பார்க்கவும் முடியல. நீயும் கேட்கல."

கஸ் சுவரில் சாய்ந்து, சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தான். "மன்னிச்சுக்குங்க. ஒரு திருட்டைக் காப்பாத்தினது ஒரு ஸ்லைடு மெஷின்னு நெனச்சா..."

"இது போதுமா?" என்றார் வில்மா டோரீனிடம். சிரிக்கவில்லை. "உள்ளதைச் சொல்லு."

டோரீன் யோசித்தாள். "தூண் மட்டும்னா தற்செயல்னு சொல்லுவார். அறையோட நீளம், அகலம், வாசல், வழி, தூண், ரயில் போற பக்கம்... எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு பதில் சொல்ல அவரால முடியாது. ஆனா மன்றக் கூடத்துல வெச்சுப் பேசினா அவர் பேசுவார், நான் இருமுவேன். உறுப்பினர்கள் இங்க வரணும். இந்தத் தரை மேல நின்னு பார்க்கணும்."

"அவ்வளவுதானே?"

வில்மா மேலே போனார். காந்தம் குளிர்பெட்டியில் மோதும் சத்தம் கேட்டது. மன்னிப்புக் கடிதத்தோடு திரும்பி வந்து, அதைத் துணி துவைக்கும் மெஷின் மேல் கவிழ்த்து வைத்தார்.

"பேனா குடு."

"ஐயோ, அது ஆவணம். அதுல எழுதலாமா?"

"பின்பக்கம் காலியாத்தானே இருக்கு. தாளைத் திருப்பிப் போடறது எங்க தலைவர் சொல்லிக்குடுத்த வித்தை."

பெரிய பெரிய எழுத்தில் எழுதினார்: 'மன்ற உறுப்பினர்களுக்கு. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் நிலவறைக்கு வரவும். காபி உண்டு. லீலண்ட் அவசியம் வரவும். வில்மா ட்ராக்ஸ்லர்.' கையெழுத்தின் கீழே கோடு இழுத்தார். காகிதம் கிழியாதது ஆச்சரியம்.

"கேட்டபடி கையெழுத்துப் போட்டாச்சு" என்றார். "பியரோகி ஆறுது, வாங்க."

1987 அக்டோபர் 16, வெள்ளி.

இன்றைய தவறு: வில்மாவிடம் என்ன பார்த்தார் என்று கேட்டேன், எப்படிப் பார்த்தார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் செவ்வாய்க்கிழமையே முடிந்திருக்கும். இன்னொன்று: அடித்த பக்கத்தை நான் மறுபடி திரும்பிப் பார்க்கவே இல்லை.

கஸ் பீட்சாவோடு சேர்த்து எல்லா உறுப்பினர் வீட்டிலும் செய்தி சொல்லிவிட்டான். ஒன்பது பேர் வருகிறார்கள். ஒருவர் யோசிக்கிறார். பர்க்ஹார்ட் வருகிறேன் என்று சொன்னாராம், சிரித்துக்கொண்டே.

நாளை செய்ய வேண்டியது: ஒன்பது மணிக்குள் ஒரு பெட்டி சாக்கட்டி வாங்க வேண்டும், இருந்தது தீர்ந்துவிட்டது. வேண்டாத கோடுகளைத் துடைக்க வேண்டும். பத்து மணிக்கு நான் எதுவும் சொல்லக்கூடாது. அளவு நாடாவைப் பர்க்ஹார்ட் கையில் கொடுத்து, தூணின் குறுக்களவை அவரையே எல்லாருக்கும் கேட்கும்படி படிக்கச் சொல்ல வேண்டும். பிறகு அதை ஒன்று புள்ளி எட்டு நான்கால் பெருக்கச் சொல்ல வேண்டும். வங்கியில் இருந்தவர், சரியாகப் பெருக்குவார்.